சுதந்திரமும் சுதந்தரமும்

தேர்தல் காலத்தில் திருவனந்தபுரத்தில் 'ஸ்வதந்த்ரன்' என்றால் கட்சி சாராமல் நிற்கும் வேட்பாளர். நாம் சுயேச்சை என்கிறோம். அதே ஊரில் கழக்கூட்டம் டெக்னோபார்க் பக்கம் 'ஸ்வதந்த்ர' என்று தொடங்கினால், கேட்பவர் அடுத்த சொல்லாக 'சோஃப்ட்வேர்' என்பதை எதிர்பார்ப்பார். மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம் என்ற உரிமையோடு வெளிவரும் மென்பொருளுக்குக் கேரளம் வைத்த பெயர் அது. நாம் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

அந்தப் பெயர் கேரளத்தில் வேர்பிடித்ததில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளையான ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா, 2001 ஜூலை 20 அன்று அவர் முன்னிலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு பிறந்த ஐடி அட் ஸ்கூல் திட்டம் பின்னர் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. கட்டற்ற மென்பொருளுக்கென்றே மாநில அரசு அமைத்த ஐசிஃபாஸ் நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்பது விலையின்மையா விடுதலையா என்ற குழப்பம் ஸ்டால்மனை விட்டதேயில்லை. மலையாளத்தில் விலையின்மைக்குச் 'சௌஜன்யம்' என்ற தனிச்சொல் இருந்ததால், விடுதலைக்கு 'ஸ்வதந்த்ர' இயல்பாக வந்து உட்கார்ந்தது. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற' கலைக்களஞ்சியம் என்கிறது. மலையாள விக்கிப்பீடியா 'ஸ்வதந்த்ர' விஞ்ஞானகோசம்.

இரண்டு பெயர்களும் ஒரே பொருளைச் சொல்வதாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டு இல்லை என்று நம் சொல் சொல்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. கட்டு அவிழ்ந்த இடத்தில் ஆள்வது யார் என்பதைப் பற்றி அது பேசாது. மலையாளத்தார் எடுத்த சொல்லுக்குள் ஆட்சி இருக்கிறது, நூல் இருக்கிறது, வாரிசுரிமை கூட இருக்கிறது. சம்பளமில்லாமல் கூடி உழைப்பவர்களுக்குள் 'இங்கே யார் தலைவர், ஏன் அவர்?' என்ற சண்டை மூளும்போது அதைப் புரிந்துகொள்ள இந்தச் சொல்லின் வரலாறு உதவுகிறது.

'தன்' என்ற வடமொழி வேருக்கு நீட்டுதல், விரித்தல் என்று பொருள். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவு நூல் தந்த்ரம். தறிக்கும் அதுவே பெயர். வீணையின் தந்தியும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். துணியின் அகலத்தையும் அமைப்பையும் முடிவு செய்வது பாவு என்பதால், சொல் வளர்ந்து அமைப்பு, முறைமை, ஆட்சி என்று பொருள் கொண்டது. தமிழ் அகராதிகளில் தந்திரத்துக்குப் படை என்ற பொருளும் உண்டு. பேச்சு வழக்கில் மட்டும் அது சூழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. தன் பாவைத் தானே கட்டுபவன் ஸ்வதந்த்ரன். பிறர் கட்டிய பாவில் ஓடுபவன் பரதந்த்ரன்.

இச்சொல்லுக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் இலக்கணத்தில்தான். வினையோடு தொடர்புடைய பலவற்றுள் எது சுதந்திரமாக நிற்கிறதோ அதைக் கர்த்தா என்று பாணினி வரையறுத்தார். குடம் வனையும்போது மண் இருக்கிறது, திகிரி இருக்கிறது, கோல் இருக்கிறது. இவற்றை இயக்குபவன் குயவன். அதனால் அவன் கர்த்தா. இந்த வரையறை எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். செய்கிறவனே சுதந்திரன். குலமோ பதவியோ அதில் வரவில்லை. தன்னார்வ மென்பொருள் திட்டங்களில் 'செய்பவர் தீர்மானிக்கட்டும்' என்றொரு வழக்கம் உண்டு. பிழையைக் கண்டவர் பலராக இருக்கலாம்; திருத்தி அனுப்பியவர் சொல்லுக்கே எடை. உழைப்பால் ஈட்டிய தகுதி என்று அவர்கள் போற்றுவதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடைக்காது.

தமிழுக்கு வந்தபோது அதே சொல் எதிர்த்திசையில் நடந்தது. தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் இன்றும் வாசிக்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் 'சுதந்தரம்' என்றால் தந்தை வழி வரும் சொத்து. வாரிசு 'சுதந்தரவாளி'. உரிமைச் சொத்தாக அடைவது 'சுதந்தரித்துக்கொள்ளுதல்'. நாகர்கோவில் பக்கத்துப் பாட்டிமாருக்கு இந்தச் சொற்கள் நாவிலேயே இருக்கும். அந்த நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தோடு இருந்த மண் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்துக்கு வெளியிலும் இந்தப் பொருள் இருந்தது. மதராஸ் மாகாண வருவாய் ஆவணங்களில் 'ஸ்வதந்திரம்' என்பது மிராசுதாரும் கிராம ஊழியரும் விளைச்சலில் பரம்பரை உரிமையாகப் பெற்ற பங்கு. மிராசு என்ற சொல்லே வாரிசுச் சொத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. களத்தில் நெல் அளக்கும்போது 'என் சுதந்திரத்தை வை' என்று ஒருவர் கேட்டால், என் பாட்டன் வாங்கியதை எனக்கும் கொடு என்று அர்த்தம்.

ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு உரிமைகள். செய்வதால் வருவது ஒன்று. பிறந்ததால், அல்லது முதலில் வந்ததால் வருவது மற்றொன்று. எழுத்தில் ஓர் இகரம்தான் வேறுபாடு.

திருவனந்தபுரம் இந்த இரண்டு உரிமைகளும் நூற்றாண்டுகளாக மோதிய ஊர். பத்மநாபசுவாமி கோயிலின் வழிபாட்டு முறைகளில் இறுதிச் சொல் தந்திரிக்கு. தந்த்ரத்தை அறிந்தவர் தந்திரி என்பது சொற்பொருள். நடைமுறையில் அது தரணநல்லூர் குடும்பத்தின் பரம்பரை உரிமை. கோயில் நிர்வாகம் ஒரு காலத்தில் எட்டரயோகம் என்ற சபையின் கையில் இருந்தது. எட்டு உறுப்பினருக்கு ஆளுக்கொரு வாக்கு, அரசருக்கு அரை வாக்கு, அதனால் எட்டரை என்று மரபு விளக்கம் சொல்கிறது. அரசனுக்கு அரை வாக்கு! முடிசூடியவனின் அதிகாரத்துக்கு இவ்வளவு துல்லியமாக அளவு வைத்த பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இங்கே யோகம் என்றால் கூட்டம், சபை. யோக்கியதை என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது.

திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா இந்த ஏற்பாட்டை உடைத்தார். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற உள்ளூர்ப் பிரபுக்களை ஒடுக்கிய பிறகு, 1750இல் நாட்டையே பத்மநாபனுக்குத் திருப்படிதானமாக எழுதி வைத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். பெயரில் அவர் ஊழியர். கையில் இருந்ததோ எவரும் கேள்வி கேட்க முடியாத ஆட்சி. அந்த உரிமையின் நீளத்தைப் பாருங்கள்: 2020 ஜூலை 13 அன்றுதான் உச்ச நீதிமன்றம், கடைசி மன்னர் 1991இல் மறைந்த பிறகும் கோயிலை நிர்வகிக்கும் உரிமை அரச குடும்பத்தில் தொடரும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலும் அன்றாட நிர்வாகம் மாவட்ட நீதிபதியின் தலைமையில் ஒரு குழுவிடம் போயிற்று.

'ஸ்வதந்த்ர' என்ற அடைமொழி இந்த ஊரில் ஒருமுறை கசந்தும் இருக்கிறது. 1947 ஜூன் 11 அன்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், பிரிட்டிஷார் போன பிறகு திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று அறிவித்தார். 'ஸ்வதந்த்ர திருவிதாங்கூர்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர். மக்கள் கேட்டது பொறுப்பாட்சி. திவான் நீட்டியது அரசரின் சுதந்தரம். ஜூலை 25 அன்று சுவாதித் திருநாள் இசைக் கல்விக்கூடத்து நிகழ்ச்சியிலிருந்து வெளியே வரும்போது அவர் வெட்டப்பட்டார். உயிர் தப்பினார். சில நாட்களில் திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைய இசைந்தது. சுதந்திரம் யாருடையது என்று கேட்காமல் அந்தச் சொல்லை ஏற்க முடியாது என்பதை அன்று தெருவே சொன்னது.

இத்தனை பழைய சுமையோடுதான் அந்தச் சொல் கணினிக்குள் நுழைந்தது. 2002இல் பைஜூ எம். 'மலையாளம் லினக்ஸ்' என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். கணினியில் மலையாளம் ஒழுங்காகத் தெரிவதே அபூர்வமாக இருந்த காலம். பின்னர் அதன் பெயர் 'ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்' ஆனது. லினக்ஸ் என்ற பெயர் ஒரு தனிமனிதரின், லினஸ் டோர்வால்ட்ஸின், பெயரிலிருந்து வந்தது. அதை விட்டுவிட்டு ஒரு கொள்கையின் பெயரைச் சூடிக்கொண்டார்கள். எழுத்துரு, உள்ளீட்டு முறை, மொழிபெயர்ப்பு, எழுத்துப்பிழை திருத்தி என்று அங்கே நடந்த வேலையில் பெரும்பகுதி மாலை நேரத்து உழைப்பு. இன்று கேரளத்துச் சினிமா சுவரொட்டிகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் காணும் மஞ்சரி எழுத்துரு, சந்தோஷ் தோட்டிங்கல் வடிவமைத்து 2016இல் அந்தக் குழு வெளியிட்டது. தமிழுக்கும் அவர்கள் மீரா இனிமை என்ற எழுத்துருவைத் தந்திருக்கிறார்கள்; பயன்படுத்துகிற நம்மில் பலருக்கு அது கேரளத்துத் தன்னார்வலர் கைவேலை என்று தெரியாது.

உழைப்பவருக்கு வாக்கு இல்லாத இடமும் உண்டு என்பதை அவர்கள் கற்றது சில்லெழுத்து விவகாரத்தில். மலையாளத்தில் ண், ன், ர், ல், ள், க் ஆகியவற்றுக்குச் சில்லெழுத்து எனும் தனி வடிவங்கள் உண்டு. அவற்றுக்குத் தனிக் குறியெண் தர வேண்டுமா, இருக்கும் எழுத்துகளைச் சேர்த்தே எழுதலாமா என்று சில ஆண்டுகள் வாதம் நடந்தது. ஸ்வதந்த்ர மலையாளம் குழுவினர் தனிக் குறியெண்ணை எதிர்த்தனர். கணினி எழுத்துகளுக்குக் குறியெண் வகுக்கும் யூனிகோட் தரத்தின் 5.1 பதிப்பு, 2008 ஏப்ரலில் தனிக் குறியெண்களைத் தந்தது. யார் சொன்னது சரி என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. யூனிகோட் கூட்டமைப்பில் முழு வாக்கு கட்டணம் செலுத்தும் உறுப்பினருக்கு, பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்கு. எழுத்துருவை இரவெல்லாம் செதுக்கியவர் கருத்து அனுப்பலாம், அவ்வளவே.

இனி, பெயர்ச் சண்டைக்கு வருவோம். 1971இல் கேரள அரசு தட்டச்சுப் பொறியை முன்னிட்டு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது. கூட்டெழுத்துகள் பல பிரிந்துபோயின. பழைய எழுத்து முழுவதையும் கணினியில் மீட்க 1999இல் 'ரச்சனா அக்ஷரவேதி' என்ற குழு அமைந்தது. திருவனந்தபுரத்துப் பாஷா இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றிய ஆர். சித்ரஜகுமாரும், பீச்சி வன ஆராய்ச்சி நிறுவனத்து நூலகரான கே.எச். ஹுசைனும் அதன் தூண்கள். ஹுசைன் வரைந்த ரச்சனா எழுத்துரு பிறகு கட்டற்ற உரிமத்துக்கு வந்தது. ஸ்வதந்த்ர மலையாளம் குழு அதைப் பராமரித்தது. பின்னாளில் ஹுசைனும் உடன் உழைத்தோரும் ரச்சனா இன்ஸ்டிட்யூட் ஆஃப் டைப்போகிராஃபி என்ற அமைப்பை உருவாக்கி, 'ஆர்ஐடி ரச்சனா' என்று தனியே வெளியிடுகிறார்கள். ஒரே வேரிலிருந்து இரண்டு ரச்சனாக்கள். உரிமம் இரண்டையும் அனுமதிக்கிறது. பயனர் இரண்டையும் பிரித்தறிய மூன்று எழுத்து முன்னொட்டு ஒன்றுதான் வழி.

எழுத்துருக்களுக்கு இன்று பரவலாக வழங்கும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் ஒரு விதி உண்டு. எழுத்துருவை எவரும் திருத்தலாம், பகிரலாம். ஆனால் ஆசிரியர் ஒதுக்கி வைத்த பெயரைத் திருத்திய பிரதிக்குச் சூட்டக் கூடாது. இந்த விதியை முதலில் படித்தபோது எனக்கு இந்தச் சொல்லின் இரு வாழ்க்கையும் ஒன்றாகத் தெரிந்தன. நிரலுக்கு இருப்பது சுதந்திரம். பெயருக்கு இருப்பது சுதந்தரம். நிரலை ஆயிரம் பேர் நகலெடுக்கலாம், ஒருவர் எடுத்ததால் மற்றவருக்குக் குறையாது. பெயர் ஒன்றுதான். இணைய முகவரி ஒன்றுதான். வெளியீட்டுக்குக் கையொப்பமிடும் சாவி ஒன்றுதான். கட்டற்ற திட்டங்களில் தலைமைச் சண்டை என்று கேள்விப்படும் இடங்களில் கொஞ்சம் தோண்டினால், கடைசியில் இந்த மூன்றில் ஒன்றில்தான் கை முட்டும்.

லினக்ஸ் என்ற பெயரையே அமெரிக்காவில் தொடர்பில்லாத ஒருவர் 1994இல் விண்ணப்பித்துத் தன் வணிகக் குறியாகப் பெற்றுக்கொண்டார். வழக்காடி, 1997இல்தான் அது டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. ஓப்பன்ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளை வளர்த்த தன்னார்வலர்கள், சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பிறகு 2010 செப்டம்பரில் தனி அமைப்பாகப் பிரிந்தார்கள். நிரல் முழுவதும் அவர்களோடு வந்தது. பெயர் வரவில்லை. ஆரக்கிள் பெயரைத் தரும்வரை என்று தற்காலிகமாக 'லிப்ரேஆஃபீஸ்' என வைத்தார்கள், அதுவே நிலைத்தது. லிப்ரே என்பது பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ஸ்வதந்த்ர என்று பொருள்படும் சொல்.

பெயரை எப்படிக் கைமாற்றுவது என்பதை, லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பான டெபியன் அளவுக்கு யோசித்த திட்டம் குறைவு. அதன் பெயரில் நிறுவனரின் குடும்பமே இருக்கிறது: இயன் மர்டாக் 1993இல் தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்தது அது. 1996இல் அவர் விலகினார். 1998 டிசம்பரில் டெபியன் தனக்கொரு சாசனம் எழுதிக்கொண்டது. தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 'இவர்களில் எவரும் வேண்டாம்' என்பதும் வாக்குச்சீட்டில் ஒரு வேட்பாளர்போல நிற்கும். எவரையும் எந்த வேலையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தத் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. வணிகக் குறியோ ஒரு பொது அறக்கட்டளையிடம் இருக்கிறது. வாக்குரிமை பெற உழைப்பைக் காட்ட வேண்டும், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் பரிந்துரைக்க வேண்டும், பரிசோதனையில் தேற வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த ஸ்ருதி சந்திரன் அந்த வழியே உள்ளே வந்து 2020, 2021, 2024 உள்ளிட்ட தலைவர் தேர்தல்களில் நின்றார். அந்த மூன்று முறையும் வெற்றி கிட்டவில்லை. பன்முகத்தன்மை பற்றிய கேள்வியை உலகெங்கும் உள்ள உறுப்பினர்கள் முன் அவர் வைத்தார். 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்தது.

நிறுவனர் தன் சுதந்தரத்தைத் தானே இறக்கி வைத்த கதைக்குப் பைதான் என்ற நிரல்மொழி. அதை உருவாக்கிய கீடோ வான் ராஸமுக்கு 1995இல் 'வாழ்நாள் நல்லெண்ணச் சர்வாதிகாரி' என்று பாதி விளையாட்டாகப் பட்டம் வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது நிஜமாகவே இருந்தது. 2018இல் மொழியில் ஒரு சிறு குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய வாக்குவாதம் கசந்து, ஜூலை 12 அன்று அவர் பதவியை விட்டார். வாரிசை அறிவிக்கவில்லை, நீங்களே முறை வகுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப் போனார். 2019இல் ஐவர் குழு தேர்தலில் வந்தது. ஒரே நிறுவனத்தில் வேலை செய்வோர் இருவருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகள் பங்களிக்காத உறுப்பினரை ஒதுங்கச் சொல்லலாம். எட்டரயோகத்து அரை வாக்கைப் போல, இங்கும் அதிகாரம் எண்ணால் அளக்கப்பட்டது.

ஸ்டால்மன் விஷயம் அவ்வளவு சுமுகமாக முடியவில்லை. தான் 1985இல் நிறுவிய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் தலைமையிலிருந்து 2019 செப்டம்பரில் கடும் விமர்சனங்களுக்கிடையே விலகியவர், 2021 மார்ச்சில் அதன் இயக்குநர் குழுவுக்குத் திரும்பியதாக அறிவித்தார். உலகம் இரண்டுபட்டது. டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, திட்டத்தின் பெயரால் எந்த அறிக்கையும் விட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அவரால் கிடைத்தது எவ்வளவு என்று திருவனந்தபுரத்துக்குத் தெரியும். அந்த நன்றி எவருக்கும் நிரந்தர நாற்காலி ஆகாது என்பது என் முடிவு.

தகுதிக்கும் காலம் உண்டு. பத்தாண்டுக்கு முன் ஒருவர் செய்த வேலை அன்று அவரைக் கர்த்தா ஆக்கியது. இன்று அந்த வேலையை வேறொருவர் செய்கிறார். பெயரும் சாவியும் மட்டும் பழையவர் கையில் இருக்கின்றன என்றால், சுதந்திரம் சுதந்தரமாகிவிட்டது. பெரும்பாலும் இதில் யாருக்கும் தீய எண்ணம் இருப்பதில்லை. எழுதி வைக்காததால் நடப்பது.

தமிழில் எழுத்துருவோ அகராதியோ சொற்பிழை திருத்தியோ நான்கு பேர் சேர்ந்து தொடங்குகிறீர்கள் என்றால், முதல் வெளியீட்டுக்கு முன்பே ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். திட்டத்தின் பெயர் யாருடையது, இணைய முகவரியை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கணக்கு யாரிடம், சாவி எத்தனை பேர் கையில், புதிதாக வருபவர் என்ன செய்தால் வாக்குரிமை பெறுவார், உழைப்பை நிறுத்தியவர் எப்போது அதை விட்டுக்கொடுப்பார் என்று அதில் இருக்கட்டும். அதைத் தொடங்கியவரே தன் கையால் எழுத வேண்டும். மற்ற மூவரும் கையொப்பமிட வேண்டும்.